ஏழாவது பத்தியில் இருந்தவள்

என் எழுத்தைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. எப்படிக் குறைந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நாசரேத்துப் பக்கத்தில் ஒரு தமிழாசிரியரின் மகளாகப் பிறந்தவள் நான். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டிகளில் நான் வாங்கி வந்த எவர்சில்வர் டம்ளர்களில்தான் எங்கள் வீட்டில் வெகுகாலம் காபி குடித்தார்கள். சட்டம் படித்து, தூத்துக்குடிக்கு வந்து, மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் வாங்காமல் வழக்கு நடத்தும் ஒரு சிறிய அமைப்பில் சேர்ந்த பிறகும் அந்தக் கை அடங்கவில்லை. எழுந்து நின்று வாதாடுவதில் நான் சுமார்தான். ஆனால் மனு எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது என்று நம்பியிருந்தேன். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் என் மனுவைப் படித்த எழுத்தர் மூக்கை உறிஞ்சியதைக் கண்ணால் பார்த்தேன். அவருக்கு அன்று சளி என்று பிறகு சொன்னார்கள். நான் நம்பவில்லை.

எங்கள் அமைப்பை நடத்துகிறவரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வயதில் பார்வை போனது. குரலை வைத்தே ஆளின் வயது, ஊர், காலையில் சாப்பிட்டாரா இல்லையா என்பது வரைக்கும் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகப் போனால் எதிராளி பொய் சொல்கிறான் என்பார்.

எங்கள் அலுவலகம் ஒரு வாடகை வீடு. வாசலில் மூன்று படி. மாற்றுத்திறனாளிகளுக்கான அலுவலகத்தில் படி மட்டும் இருந்தால் நான்கு பேர் சிரிப்பார்கள் என்று அண்ணாச்சி ஒரு சாய்தளம் கட்ட வைத்தார். தானே பக்கத்தில் நின்று கொத்தனாரை வேலை வாங்கினார். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. எங்கள் வாசலுக்கும் தெருச் சாக்கடைக்கும் நடுவில் இருந்ததோ நாலே அடி. கொத்தனார் உள்ள இடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணாச்சி அதைத் தடவிப் பார்த்து, வழவழப்பாக இருக்கிறது என்று திருப்திப்பட்டார். நான் ஊரில் இல்லாத நேரம் அது. வந்து பார்த்தபோது சிமெண்ட் காய்ந்திருந்தது.

நாலைந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் காலையில் அந்தச் சாய்தளத்துக்குக் கீழே ஒரு சக்கர நாற்காலி வந்து நின்றது. அதில் இருந்தவளுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். தருவைகுளத்திலிருந்து ஆட்டோவில் வந்திருந்தாள். சாய்தளத்தை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தாள்.

“அக்கா, இது எனக்குக் கட்டுனதா, உப்பு லாரிக்குக் கட்டுனதா? லாரியே முதல் கியர்லதான் ஏறும் போலயே.”

உள்ளே இருந்த அண்ணாச்சிக்குக் கேட்டுவிட்டது. “யாருளா அது, வந்த வரத்துலயே கேஸ் போடுதது?” என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அன்றைய பேச்சு முழுவதும் தெருவில் வேப்பமரத்தடியில்தான் நடந்தது. நானும் அண்ணாச்சியும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினோம்.

அவள் கதை இதுதான். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் அரசு சார்ந்த ஒரு கிடங்கு. அங்கே எடை மேடையில் அவள் பதினாலு வருடம் வேலை பார்த்தாள். உப்பும் உரமும் ஏற்றிய லாரி மேடையில் வந்து நிற்கும். பக்கத்தில் உள்ள சிறிய அறையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகச் சக்கரமெல்லாம் மேடைக்குள் இருக்கிறதா என்று பார்த்து, வண்டி எண்ணைத் தட்டி, எடைச் சீட்டை அச்சடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது பின்னால் வந்த கண்டெய்னர் லாரி உரசிவிட்டது. முதுகுத்தண்டில் அடி. இரண்டு வருடம் ஆஸ்பத்திரியும் பயிற்சியுமாகப் போனது. இடுப்புக்குக் கீழே அசைவு திரும்பவில்லை. நாற்காலியைத் தானே உருட்டப் பழகிக்கொண்டு வேலைக்குத் திரும்பினால், தகுதி இல்லை, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

“உக்காந்து பாக்குத வேலைக்கா. நான் இப்போ முழுநேரமும் உக்காந்துதான் இருக்கேன். என்னைவிடத் தகுதி யாருக்கு இருக்கு?” என்றாள்.

அந்த அறைக்கு இரண்டு படி. அதுதான் தடை.

கேட்டதும் எனக்குக் கை துறுதுறுத்தது. சட்டம் எங்கள் பக்கம் தெளிவாக இருந்தது. வேலையில் இருக்கும்போது ஒருவருக்கு ஊனம் ஏற்பட்டால் அவரை நீக்கக் கூடாது. அந்த வேலை முடியாவிட்டால் முடிகிற வேறு வேலை தர வேண்டும். எதுவுமே பொருந்தாவிட்டால், பொருந்துகிற இடம் வரும்வரை உபரிப் பணியாளர் பட்டியலில் வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். இதை மூன்று வரியில் எழுதி முடித்திருக்கலாம். மூன்று வரியோடு நிறுத்துகிறவள் டம்ளர் வாங்கியிருக்க முடியாது.

இரண்டு நாள் உட்கார்ந்து பத்துப் பக்கம் எழுதினேன். அதில் ஏழாவது பத்திதான் என் பெருமை. இன்றும் மனப்பாடமாக இருக்கிறது: “மனுதாரர், பிறர் கைகொடுக்காமல் ஓர் அசைவுக்கும் வழியற்றவராய், அன்றாடக் கடமைகளைக்கூடத் தாமே ஆற்ற இயலாதவராய், நான்கு சுவர்களுக்குள் கண்ணீரே துணையாகக் காலம் கழிக்கும் நிராதரவான அபலை ஆவார்.”

எங்கள் தொழிலில் இது ஒரு பழக்கம். மாற்றுத்திறனாளி என்றால் மனுவில் ஒரு பத்தி அழுகைக்கு ஒதுக்கிவிடுவோம். அதிகாரி மனம் இளகினால்தான் சட்டப் பிரிவு உள்ளே இறங்கும் என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கு முந்தின வக்கீல்கள் அப்படித்தான் எழுதினார்கள். நான் இன்னும் கொஞ்சம் நன்றாக எழுதினேன், அவ்வளவுதான்.

அண்ணாச்சியின் கணினி எழுத்தை வாசித்துச் சொல்லும். அதில் ஒரு பெண் குரல் உண்டு. இரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று சொல்கிற குரல் மாதிரி இருக்கும். அந்தக் குரல் “கண்ணீரே துணையாக” என்பதையும் “பக்கம் நான்கு” என்பதையும் ஒரே மாதிரி வாசித்தது. எனக்குக் கோபமாக வந்தது.

“அண்ணாச்சி, அதை நிறுத்துங்க. நான் வாசிக்கேன். அது கொன்னுரும்.”

“நீ வாசிச்சா நான் அழுதுருவேன், வக்கீலம்மா. இது வாசிச்சாத்தான் என்ன எழுதியிருக்குன்னே விளங்குது.” கணினியை நிறுத்தினார். “ஏளா, இது மனுவா, ஒப்பாரியா?”

“ஜெயிக்கணுமா வேண்டாமா?” என்று கேட்டேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் அப்படி வைத்தால் இஷ்டமில்லை என்று அர்த்தம். நான் கண்டுகொள்ளவில்லை.

கையெழுத்து வாங்க அவளை வரச் சொன்னேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பத்துப் பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தாள். எங்களிடம் வருகிறவர்கள் பொதுவாக அப்படிப் படிப்பதில்லை. எங்கே போடணும் என்று கேட்டு, காட்டிய இடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். இவள் ஏழாவது பத்தியில் நின்றுவிட்டாள். இரண்டு தடவை படித்தாள்.

“யாருக்கா இந்தப் பொம்பளை?”

“எந்தப் பொம்பளை?”

“இந்தா, இங்கன இருக்காளே. ரொம்பப் பாவமா இருக்கு.”

கிண்டல் என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் வக்கீல் கெத்தை விடவில்லை. “அப்படித்தான் எழுதணும்மா. இதெல்லாம் ஒரு முறை. நீ கையெழுத்தைப் போடு” என்றேன்.

“காலையில ரெண்டு கிலோ சாளை மீனைக் கழுவிக் குழம்பு வச்சு இறக்கிட்டு வாரேன். அன்றாடக் கடமை ஆத்த முடியாதுன்னு எழுதியிருக்கிய. என் மாப்பிள்ளை இதைப் படிச்சா, அப்போ குழம்பு யாரு வச்சதுன்னு கேப்பாரு.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். படித்தவள் சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். பேனாவை வாங்கிப் போட்டுவிட்டாள். அந்தக் கையெழுத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

விசாரணைக்குச் சென்னை மாற்றுத்திறனாளிகள் ஆணையரகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஓர் அரசுக் கட்டடத்தின் கூட்ட அரங்கில் நீள மேசை போட்டு, ஒரு பக்கம் அவளும் அண்ணாச்சியும் நானும், எதிர்ப்பக்கம் கிடங்கு மேலாளர். மேலாளர் மதுரைப் பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் அன்று பிழைத்திருப்போம்.

அதிகாரி, “நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று அவரிடம் கேட்டார். மேலாளர் எழுந்து, என் மனுவின் நகலை எடுத்து, ஏழாவது பத்தியை வாசிக்க ஆரம்பித்தார். நல்ல குரல். என் சொற்களை இவ்வளவு உணர்ச்சியோடு இன்னொருவர் வாசித்து நான் கேட்டதில்லை. “கண்ணீரே துணையாக” வரும்போது அவர் குரல் உடைந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்க மாட்டேன். இவருக்குச் சளி இல்லை, நிஜமாகவே அழுகிறார்.

“சார், இவங்க எங்க கிடங்குல எவ்வளவு சுறுசுறுப்பா இருந்தவங்க தெரியுமா? இந்த நிலைமையில இருக்கிறவங்களை வேலைக்கு வான்னு சொல்ல நாங்க என்ன ராட்சசங்களா? ஓர் அசைவுக்கும் வழியில்லைன்னு அவங்களே சொல்றாங்க. நான் மேலிடத்துல பேசிட்டேன் சார். பட்டியல்ல வச்சுக்கறோம். ஓய்வு வயசு வரைக்கும் சம்பளம் வீட்டுக்குப் போயிரும். அவங்க வீட்டுலயே நிம்மதியா இருக்கட்டும்.”

அதிகாரி தலையசைத்தார். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. மேலாளர் என்னைப் பார்த்தார், நல்லது செய்துவிட்ட முகத்தோடு. நானும் வாயெல்லாம் பல்லாக எழுந்தேன். வேலை பார்க்காமல் சம்பளம்! இப்படி ஓர் உத்தரவை வாங்கிக் கொடுத்த வக்கீல் இந்த மாவட்டத்தில் யார் இருக்கிறார்கள்? “மனுதாரர் தரப்பில் சம்மதம்” என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

என் சேலையை யாரோ பிடித்து இழுத்தார்கள். பார்த்தால் அவள்தான். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, நான் சம்மதிக்கல.”

“மெதுவா பேசு. சும்மா இருந்தாலே சம்பளம் வரும்மா.”

“நான் சும்மா இருக்கணும்னு கேஸ் போட்டேனா?” இந்தத் தடவை மெதுவாகப் பேசவில்லை. அரங்கத்தில் எல்லோருக்கும் கேட்டது. “எடை மேடைக்குப் போவணும்னுதானக்கா உங்ககிட்ட வந்தேன்.”

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “அம்மா, எந்த வேலையும் செய்ய இயலாது என்று உங்கள் மனுவே சொல்கிறது. கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது. இப்போது வேலை செய்வேன் என்கிறீர்கள். இதில் எது உண்மை?”

அவள் என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இவங்கதான் எழுதினாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஐயா, ஏழாவது பத்தி நான் எழுதினது” என்றேன். “அதுல இருக்கிறது இவங்க இல்ல.”

“பின்னே யார்?”

தொண்டையைச் செருமினேன். தண்ணீர் குடித்தேன். அதிகாரி, புதிதாக ஒரு பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்யுங்கள், அடுத்த வாரம் நானே கிடங்குக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லித் தேதி போட்டார். மேலாளர் வெளியே வரும்போது என்னிடம், “மேடம், ஆனா ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க” என்றார். செருப்பால் அடித்திருக்கலாம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அண்ணாச்சி திட்டுவார் என்று நினைத்தேன். மூன்றாம் ரயில்வே கேட் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, “திட்டணும்னா திட்டிருங்க அண்ணாச்சி” என்றேன்.

“திட்டலளா. ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. பேங்க்குல எனக்கு ஏ.டி.எம். கார்டு தரமாட்டேன்னு சொன்னப்போ நீ ஒரு மனு எழுதுன. மறந்துட்டியா?”

மறக்கவில்லை. நான் சேர்ந்த புதிதில் எழுதியது.

“‘இருளே உலகமாய்த் தட்டுத் தடுமாறும்’னு எழுதியிருந்த. நீயே வாசிச்சும் காட்டுன. பேங்க்காரன் அதைப் படிச்சிட்டுக் கார்டு குடுத்தான். கூடவே ஒரு தாளும் குடுத்தான். மிஷினுக்குப் போவும்போது கண்டிப்பா ஒரு ஆளைத் துணைக்குக் கூட்டிட்டு வரணும்னு. தட்டுத் தடுமாறுத ஆளைத் தனியா விடலாமா? ஏ.டி.எம். என்ன, எக்ஸ்சேஞ்சுல ஆயிரம் லைனு இந்த விரலால மாத்திவிட்டவன் நான்.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்லா.”

“புதுசா வந்த பிள்ளை. ஆசையா எழுதியிருக்கியேன்னு விட்டுட்டேன். எனக்குக் கார்டு வேண்டியிருந்துச்சு.” சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இத்தனை வருடமாக அந்த அபலை என் மனுக்களில் வந்துகொண்டேதான் இருந்தாள். சில சமயம் ஆணாக, சில சமயம் பெண்ணாக, சில சமயம் காது கேளாதவராக. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு நிஜ மனிதர் அவளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். எத்தனை பேர் அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பேசாமல் படுத்திருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

புது வாக்குமூலத்துக்கு நாங்கள் தருவைகுளத்துக்குப் போனோம். அவள் கணவர் தங்குகடலுக்குப் போயிருந்தார். படகு திரும்ப ஒரு வாரமாகும். அவள் வாசலை ஒட்டி உட்கார்ந்து வலையில் ஒரு கிழிசலைக் கோத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் போய் உட்கார்ந்து ஐந்து நிமிடம் இருக்காது, தெருவில் மாதா கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா உள்ளே வந்தார். அவளைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். “உச்” என்று கொட்டினார். “எப்பிடி ஓடியாடித் திரிஞ்ச பிள்ளை. மாதாதான் பாக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் இன்னொருவர். அவரும் உச்.

“இன்னைக்கு நாலாவது” என்றாள் அவள். “ஞாயித்துக்கிழமைன்னா பதினஞ்சு வரைக்கும் போவும். பூசைக்குப் போற வழில்லா நம்ம வீடு.”

நானும் அண்ணாச்சியும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. வலை ஊசியை மடியில் வைத்தாள்.

“எடை மேடையில எவனும் உச் கொட்ட மாட்டான்க்கா. சண்டை போடுவான். நூறு கிலோ கூட வருது, உன் மிஷினு சரியில்லம்பான். காலி வண்டி எடையைக் கூட்டிக் காட்ட கிளீனரை உள்ள படுக்கப் போட்டிருப்பான். நான் அவனைவிட ரெண்டு மடங்கு சத்தம் போடுவேன். சாயங்காலம் தொண்டை கட்டிரும். வீட்டுக்கு வந்து ஒரு சுக்குத்தண்ணி குடிப்பேன் பாருங்க.” கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. “ஓய்வு வயசு வரைக்கும் இவிய உச் கொட்டுறதைக் கேட்டுக்கிட்டு இங்கன இருக்கணுமா? அதுக்குச் சம்பளம் வேற. எனக்கு அங்க போவணும்கா.”

நான் தாளை எடுத்தேன். “நீ சொல்லு. நீ சொல்றதை மட்டும் எழுதறேன்.”

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அது இப்படி வந்தது. எனக்கு இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. கை, கண், காது, வாய் நன்றாக இருக்கின்றன.

“வாயும் எழுதணுமா?” என்றார் அண்ணாச்சி.

“அதுதான் முக்கியம் அண்ணாச்சி. டிரைவர்மார்கிட்ட வாய் இல்லாம என்ன வேலை பாக்க?”

எடை போடும் வேலை எனக்குத் தெரியும். பதினாலு வருடம் பார்த்தேன். அறைக்கு இரண்டு படி இருக்கிறது. அதில் என்னால் ஏற முடியாது. சாய்தளம் வேண்டும். நாற்காலி நுழைகிற மாதிரி ஒரு கழிப்பறை வேண்டும்.

கழிப்பறை என்று வந்ததும் நான் பேனாவை நிறுத்தி, “சுகாதார வசதிகள் என்று போடலாமா?” என்று கேட்டேன்.

“கக்கூஸுன்னே போடுங்க. வெக்கப்பட்டா கட்ட மாட்டாவ.”

முடிந்தது. முக்கால் பக்கம்கூட இல்லை. எனக்குக் கை அரித்தது. கடைசியில் “இத்தனை இடர்களுக்கிடையிலும் மனந்தளராது” என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அவள் கையை நீட்டிப் பேனாவை வாங்கி, கையெழுத்தைப் போட்டு, மூடியைப் போட்டு என்னிடம் திருப்பித் தந்தாள்.

அடுத்த வாரம் கிடங்கில் அதிகாரி, மேலாளர், நாங்கள் எல்லோரும் கூடினோம். நல்ல வெயில். உப்புக்காற்று முகத்தில் பிசுபிசுத்தது. மேலாளர் ஏற்பாடெல்லாம் செய்திருந்தார். நான்கு பலசாலிகள் தயாராக நின்றார்கள். “அப்படியே நாற்காலியோட தூக்கி உள்ள வச்சிருவாங்க சார்.”

“தூக்க வேண்டாம்” என்றாள் அவள். “இன்னைக்குத் தூக்குனா நாளைக்கும் தூக்கணும். நாளைக்கு நீங்கள்லாம் வரமாட்டிய.”

அதிகாரி வெயிலில் நின்றார். பிறகு அந்த நால்வரில் ஒருவர் போய், லாரியில் மூட்டை ஏற்றுவதற்குப் போடும் அகலப் பலகையை இழுத்து வந்து இரண்டு படியின் மேல் போட்டார். எங்கள் அலுவலகச் சாய்தளத்துக்கு அது எவ்வளவோ மேல். அவள் சக்கரத்தை இரண்டு உந்து உந்தினாள். மூன்றாவது உந்தில் பின்னால் இருந்து அவர் ஒரு கை கொடுத்தார். உள்ளே போய்விட்டாள். பலகை போட மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். வழக்கு அதுவரை எட்டு மாதம் ஓடியிருந்தது.

ஒரு லாரி வந்து மேடையில் ஏறியது. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள், மைக்கில் முன்னால் வரச் சொன்னாள், எண்ணைத் தட்டினாள். சீட்டு வந்தது. இரண்டாவது லாரிக்கும் அப்படியே. மூன்றாவது லாரிக்கு அவள் விரல் தடுமாறியது. வண்டி எண்ணில் ஓர் இலக்கம் மாறிவிட்டது. தப்பான சீட்டு அச்சாகி வெளியே வந்தது. இவ்வளவு பேர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தால் யாருக்குத்தான் தப்பு வராது?

மேலாளர் கவலையோடு அதிகாரியிடம் குனிந்தார். “பார்த்தீங்களா சார். பாவம், சிரமப்படறாங்க. இதுக்குத்தான் நான் சொன்னேன்.”

அவள் திரும்பவில்லை. சீட்டைக் கிழித்து ஓரமாக வைத்தாள். ஒரு பொத்தானை அழுத்தினாள். சரியான எண்ணைத் தட்டினாள். புதுச் சீட்டு வந்தது.

“ரத்து பண்ணுததுக்கு ஒரு பட்டன் வச்சிருக்கு, சார்” என்றாள். “அது எனக்குன்னு வச்சதில்ல. நான் விழுறதுக்கு முந்தியே இருக்கு.”

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி அந்தக் கிழிந்த சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “கழிப்பறை எங்கே?” என்று மட்டும் கேட்டார். போய்ப் பார்த்துவிட்டு வந்து முகத்தைச் சுளித்தார்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. அதே வேலை, அதே இடம், சாய்தளம், கழிப்பறை. உத்தரவில் அழுகை ஒரு வரிகூட இல்லை. சாய்தளம் கட்டும்போது மேலாளரே எனக்குப் போன் செய்தார். “மேடம், பன்னிரண்டு அடி போதுமா, பதிமூணாப் போட்டுரட்டுமா?” கெட்டவர் இல்லை என்றுதான் முதலிலேயே சொன்னேனே. எங்கள் அலுவலகச் சாய்தளத்தை அண்ணாச்சி அந்த வாரமே உடைத்துவிட்டார். இப்போது நாங்கள் சாக்கடைக்குக் கொஞ்சம் தள்ளி வேறு வீட்டில் இருக்கிறோம். படி இல்லாத வீடு. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வரும், அது வேறு விஷயம்.

அவள் வேலைக்குத் திரும்பிப் பத்து நாள் கழித்து, அந்த வழியாகப் போனபோது நானும் அண்ணாச்சியும் கிடங்குக்குள் நுழைந்தோம். சாய்தளம் நீளமாக, கைப்பிடியோடு, பார்க்க அழகாக இருந்தது. ஜன்னலுக்குள் அவள் தலை தெரிந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். நம்மைக் கண்டால் என்ன சொல்வாளோ, கையைப் பிடித்துக்கொள்வாளோ, நானும் அழுதுவிடுவேனோ என்றெல்லாம் மனதுக்குள் ஒரு பத்தி ஓட ஆரம்பித்திருந்தது.

மைக் கரகரத்தது. “மேடை மேல நிக்கிற ரெண்டு பேரும் கீழ இறங்குங்க. வண்டி நிக்கு.”

அப்போதுதான் கீழே பார்த்தேன். நாங்கள் நின்றது எடை மேடையின் நடுவில். பின்னால் ஒரு உப்பு லாரி உறுமிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடினேன்.

லாரி ஏறியது. எடை விழுந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகச் சீட்டை வாங்கிப் பார்த்தார். உடனே கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். “ஏம்மா, அங்கன உப்பளத்துல போடும்போது இவ்வளவு இல்லையே! உங்க மிஷின் என்ன தூங்குதா?” என்று ஆரம்பித்தார். அவளும் விடவில்லை. மைக்கை அணைக்கக்கூட இல்லை. “உப்பளத்துல பின் சக்கரத்தை வெளிய விட்டுட்டு எடை போட்டா கம்மியாத்தான் இருக்கும். இங்கன அந்த வேலை நடக்காது” என்றாள். அவர் இரண்டு சொன்னார். அவள் நாலு சொன்னாள். ஒலிபெருக்கியில் அது துறைமுகச் சாலை வரைக்கும் கேட்டிருக்கும். அவர் அவளுடைய நாற்காலியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை அவருக்கு.

அண்ணாச்சி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏளா, என்ன சத்தம் அங்க?”

“சண்டை, அண்ணாச்சி.”

“நல்ல சண்டையா?”

“நல்ல சண்டை” என்றேன்.